ஒன்பதாவது குழியில் ஒரு சம்பட மூடி

கொரோனா ஊரடங்கில் முதல் தளர்வு வந்த வாரம் மேனேஜர் போன் செய்தார்.

"கோல்ஃப் கிரவுண்டத் தொறக்கணும்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்துடக் கூடாது. லிஸ்ட் போட்டுக் குடு."

கடலூர் அருகே ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி இன்ஜினியர். சொந்த ஊர் சிதம்பரம். பஸ் ஓடாததால் அப்போது ஹாஸ்டலிலேயே இருந்தேன். கேஸ் லீக், ஃபயர் டிரில் எல்லாம் தெரியும். கோல்ஃப் தெரியாது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒன்பது குழிகள் உள்ள மைதானம் ஒன்று உண்டு என்பதோடு சரி.

1. பட்டியல்

மைதானத்தை ஒருமுறை நடந்து, பலர் கை படும் இடங்களை எழுதினேன். கொடிக்கம்பம், தண்ணீர் ஜக், பெஞ்ச், பந்து, மட்டைப் பை, குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. அவரவர் பந்தை அவரவரே எடுக்க வேண்டும். உதவிக்கு வரும் கேடி மாஸ்க் போட்டு ஆறடி தள்ளி நிற்க வேண்டும், பையைத் தொடக் கூடாது. கொடிக்கம்பத்தைக் குழியிலிருந்து எடுத்துப் பின்னால் நட்டுவிட வேண்டும்.

குழிதான் சிக்கல். பந்தை எடுக்க எல்லாரும் அதற்குள் கை விடுகிறார்கள். அதில் தெர்மாகோல் அடைத்தால் பந்து மேலேயே நிற்கும், கை உள்ளே போகாது. கடைகள் மூடியிருந்தன. துறைமுகத்திலிருந்து மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டிகள் கிடைத்தன. கழுவி, வட்டமாக வெட்டி அடைத்தேன். மறுநாள் காலை ஒன்பது குழியைச் சுற்றியும் காக்கைகள்.

"மேடம், காக்காவும் மெம்பர் ஆயிடுச்சு" என்றார் கேடி முருகேசன்.

பினாயில் ஊற்றிக் கழுவினேன். மேனேஜர் வந்து பார்த்து, "சூப்பர்" என்றார்.

2. வாபஸ் வந்த பை

நான்காம் நாள் அக்கவுண்ட்ஸ் ஆரோக்கியசாமி சார் தன் பையைக் கிளப் அறை வாசலில் வைத்தார்.

"இத ஸ்டோர்ல போட்டுடுங்க மேடம். இனிமே வரல."

"ஏன் சார்? எதாச்சும் விதி கஷ்டமா இருக்கா?"

"உங்க மேல தப்பில்ல. ஆட்டந்தான் போயிடுச்சு."

அவர் போன பிறகு முருகேசனிடம் கேட்டேன்.

"அவுருக்குக் கண்ணு கொறஞ்சுகிட்டே வருது மேடம். டாக்டர் சொல்லிட்டாரு. பந்து எங்க போவுதுன்னு நாந்தான் சொல்லுவேன். கடைசி அடி மட்டும் அவுரே தெரிஞ்சுக்குவாரு. குழிக்குள்ள விழுற சத்தம் இருக்குல்ல? அதுக்குத்தான் அவுரு வர்றதே. தெர்மாகோல் வச்சதுலேருந்து சத்தமே இல்ல."

"நீங்க சொல்லலாமே, விழுந்துச்சா இல்லயான்னு?"

"சொன்னேன். விழாததயும் விழுந்துச்சுன்னு ரெண்டு மூணு வாட்டி சொல்லிட்டேன். அவுரு மூஞ்சியப் பாக்க முடியல. கண்டுபுடிச்சுட்டாரு. 'நீயும் என்னக் கொழந்தயாக்குறியா மச்சான்'னு கேட்டாரு."

அலுவலகத்தில் அவர் சூப்பரிண்டெண்ட். மைதானத்தில் மட்டும் முருகேசனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று என் பட்டியலை மறுபடி படித்தேன். நோய் எப்படிப் பரவும் என்று எல்லா விதிக்கும் எதிரே எழுதியிருந்தேன். விதியால் யாருக்கு என்ன போகும் என்று ஒன்றுக்குக்கூட எழுதவில்லை.

3. மூடி

ஊரடங்குக்கு முன் அம்மா ஒரு எவர்சில்வர் சம்படத்தில் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார். அது காலியாகி அலமாரியில் இருந்தது. மூடியை அளந்தேன். நாலு அங்குலம். குழி நாலேகால்.

ஒன்பதாவது குழியில் தெர்மாகோலை ஓர் அங்குலம் குறைத்து, மேலே மூடியைக் கவிழ்த்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்தை உருட்டிவிட்டேன். டிங். கையை உள்ளே விடாமல் இரண்டு விரலால் எடுக்க முடிந்தது.

சாருக்குப் போன் செய்தேன். "ஒரே ஒரு தடவ வாங்க சார். புடிக்கலன்னா நானே பைய ஸ்டோர்ல போட்டுடுறேன்."

மாலை வந்தார். முருகேசன் ஆறடி தள்ளி நின்று, மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினார். "நேரா சார். நாலு தப்படி. லேசா எடது பக்கம் எறக்கம்."

அவர் தட்டினார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகிப் போனது. முருகேசன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மெதுவாக, "போயிடுச்சு சார்" என்றார்.

"தெரியும் மச்சான். சத்தம் வரல."

தவறவிட்ட ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது தட்டலில் மூடி ஒலித்தது. முருகேசன் ஏதோ சொல்ல வந்தார்.

"நீ சும்மா இரு. எனக்கே கேட்டுச்சு."

மறுவாரத்துக்குள் குவார்ட்டர்ஸ் சமையலறைகளிலிருந்து மற்ற எட்டுக் குழிகளுக்கும் மூடி வந்துவிட்டது.

இப்போது எந்த விதி எழுதினாலும் பட்டியலில் கடைசியாக ஒரு பத்தி சேர்க்கிறேன்: இதனால் யாருக்கு என்ன போகும்? அது காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.

பஸ் விட்டதும் சிதம்பரம் போனேன். அம்மா சம்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி எங்கடி?"

"வேலைல இருக்கும்மா" என்றேன்.