மார்கழியில் திறக்காத கடை

மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் மேட்டுச்சந்தை நகரசபைக்குச் சிறு வியாபாரிகள் மேல் பாசம் பொங்கியது நாலைந்து வருடங்களுக்கு முன்பு. அதுவரை எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாங்கள் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தோம். பிறகு பாசம் வந்தது, வரைபடம் வந்தது, பின்னாலேயே ஜேசிபியும் வந்தது. நான் பழைய பஸ் ஸ்டாண்டு வீதியில் குடையும் பூட்டும் டார்ச்சும் விற்கிறவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீதியில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. என் கடைக்கு எதிரே மோட்டார் சுற்றிக்கொண்டிருந்த துளசிமணியைப் பற்றி.

எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மறுபடி ஓடவைக்கிற தொழில் அது. நல்லேப்பிள்ளி வயல்காரர்களும் பெருமாட்டித் தோப்புக்காரர்களும் அவளுடைய வாடிக்கை. கோடையில் வோல்டேஜ் இறங்கினால் அவர்களுக்கு மோட்டார் போகும், அவளுக்குப் பிழைப்பு நடக்கும். கடைவாசலில் மோட்டார் ஏற்றி வந்த பெட்டி ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவள். வெங்கிடாசலம் அவளைக் கட்டிக்கொண்டு வந்து, தன் கடையிலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான். ஆறேழு வருடம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவன் ஒரு நாள் பெருமாட்டியில் மோட்டார் மாட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அதோடு கடையை விற்றுவிடுவாள் என்று வீதியே எதிர்பார்த்தது. கருமாதி முடிந்த மறுவாரம் அவளே வந்து ஷட்டரைத் தூக்கினாள்.

"மறுபடியும் கம்பெனிக்கே போலாமில்ல அம்மிணி? மாசச் சம்பளம் வருமே" என்று நான்கூடக் கேட்டேன்.

"அங்க ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப்போட்டுத்தானுங்ணா போகோணும்" என்றாள். "இனி ஒருத்தங்ககிட்டயும் நேரங் கேட்டு நிக்க மாட்டேன்."

நிற்கவும் இல்லை. ஆண்பிள்ளைகளை அவள் திட்டுகிற திட்டைக் கேட்கவே நான் கடையை முன்கூட்டித் திறப்பேன். "மோட்டாரு கருகற வரைக்கும் நல்லாத் தூங்கிப்போட்டு எங்கிட்ட வந்து அவசரம்னா ஆச்சுங்களா? எறக்கி வெச்சுட்டு ஊட்டுக்குப் போங்க, வெள்ளிக்கிழமை வாங்க" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை மோட்டார் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படி இருந்த நாளில்தான் நகரசபைக்கு எங்கள் வீதி செத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ஊரின் நெஞ்சுப் பகுதிக்கு உயிர் கொடுக்கப்போகிறோம் என்று கூட்டம் போட்டார்கள். டீயும் பருப்பு வடையும் தந்தார்கள். பழைய கடைகளை இடித்துவிட்டு மூன்று மாடிக் காம்ப்ளக்ஸ். வாடகை குறைவு. பழைய வியாபாரிகள் எல்லாருக்கும் அறை உண்டு, எந்த அறை என்பது சீட்டுக் குலுக்கலில். நகரசபைத் தலைவி டின்சி மேடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். சாவி வாங்கினால் திறப்பு விழாவுக்குள் கடையைத் திறந்துவிட வேண்டும். தரைத்தளத்தில் ஒரு ஷட்டர் மூடிக் கிடந்தாலும் அந்த அறை காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். முன்பு கட்டிய காம்ப்ளக்ஸில் அறையை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு, உள்வாடகைக்கு விலை பேசிய ஆட்கள் இருந்தார்கள். அதனால் அந்த நிபந்தனையை நான்கூடக் கைதட்டித்தான் வரவேற்றேன்.

குலுக்கலில் எனக்கு முதல் மாடி வந்தது. துளசிமணிக்குத் தரைத்தளம், அதுவும் தெரு திரும்புகிற மூலை. பெட்டி ஆட்டோவை ரிவர்ஸ் எடுத்தால் பின்கதவு கடை வாசற்படியிலேயே வந்து முட்டும். மோட்டாரைத் தூக்கவே வேண்டியதில்லை, தள்ளினால் போதும். அன்றைக்கு அவள் தன் காசில் வீதிக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். வெங்கிடாசலம் போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கட்டிடம் எழும்புகிற வரைக்கும் நல்லேப்பிள்ளி பக்கம் தன் வீட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தாள். பாதி வாடிக்கை பொள்ளாச்சிக்குப் போய்விட்டது. மீதிப் பேர் புதுக்கடை வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு வழியாகக் கட்டிடம் முடிந்து சாவி கைக்கு வந்தது. வந்த நாள் மார்கழி பிறந்த மறுநாள்.

வேறு மாதமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மலையாளத்துக்காரர்களுக்கு ஆகாத மாதம் கர்க்கடகம். நமக்கும் அது ஆடிதான், அதில் தகராறு இல்லை. மார்கழியில்தான் சிக்கல். அவர்களுக்கு அது தனு மாதம். திருவாதிரைக்கு நோன்பு இருப்பார்கள், கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டுவார்கள், நடுவில் கடையும் திறப்பார்கள். நம் சனத்துக்கு மார்கழியில் கோலம் போடலாம், கோயிலுக்குப் போகலாம், புதிதாக ஒன்றைத் தொடங்க மட்டும் கூடாது. திறப்பு விழா ஆங்கில வருடத்தின் கடைசி நாள். தை பிறக்க அதற்கப்புறம் இரண்டு வாரம் கிடந்தது.

"சும்மா ஷட்டரைத் தூக்கி ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காரு அம்மிணி. தையில பால் காச்சிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"சாமிக்குத் தெரியாதுங்களா?"

"சாமிக்கு நகரசபைச் சட்டமும் தெரிஞ்சிருக்குமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. "அவரு பழைய கடையோட பக்கத்து ரூமைச் சேத்து எடுத்தது மார்கழியிலதானுங்ணா. அத்தை வேண்டாம் வேண்டாம்னு சொன்னாங்க. நானுந்தான் இந்தக் காலத்துல என்னத்துக்கு அதெல்லாம்னு சொல்லிப்போட்டேன். மாசியில அவரைக் கொண்டுபோய் எரிச்சோம். எனக்குப் பயமா இருக்குதுங்ணா."

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. அவளுக்கு இருந்தது.

வார்டு கவுன்சிலர் ரிஞ்சுவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பையன், யார் வீட்டுக் காரியத்துக்கும் முதலில் வந்து நிற்பான். தைப் பொங்கல் வரைக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டோம். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி. ஞான் செக்ரட்டரியோட பறயாம். சேச்சி தைரியமாயிட்டு போய்க்கோ" என்றான். அவன் சொன்னபடி பேசவும் செய்தான். செக்ரட்டரி முடியாது என்றதை அவளிடம் வந்து சொல்லத்தான் அவனுக்கு மனம் வரவில்லை. எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று இருந்துவிட்டான். இளகிய மனசுக்காரர்கள் செய்கிற கெடுதலை வேறு யாராலும் செய்ய முடியாது.

திறப்பு விழாவுக்குச் செண்டை மேளம், பலூன், வண்ண விளக்கு. தரைத்தளத்தில் எல்லா ஷட்டரும் திறந்திருந்தது, மூலை ஒன்றைத் தவிர. ரிப்பன் வெட்ட வந்தவர் நேராக அதன் முன்னால் போய் நின்று, இது ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்டார். டின்சி மேடத்தின் முகம் சுண்டிப்போனது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த அறையை வரிசையில் அடுத்து இருந்த சோனா என்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேக் கடை வைக்க இடம் கேட்டு அந்தப் பெண்ணும் வருடக்கணக்காக அலைந்தவள்தான். யாரையும் முந்தவில்லை, யாருக்கும் கையூட்டுத் தரவில்லை. நான்தான் துளசிமணிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் அவளோடு நகரசபைக்குப் போனேன். டின்சி மேடம் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"ஒரு மாசம், அதுவும் முழுசாக்கூட இல்லீங்க. அதைத்தானுங்க கேட்டேன்" என்றாள் துளசிமணி.

"எனக்கு மனசிலாகும் சேச்சி. பக்ஷே, சேச்சிக்கு ஒரு மாசம் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொல்லி வருவாங்க. பின்னே நான் யாரையும் நிறுத்த முடியாது."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை. எதிரில் ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் நான் வாய்விட்டுக் கத்தித் தீர்த்திருப்பேன். இரண்டாம் மாடியில் இதைவிடப் பெரிய அறை காலியாக இருக்கிறது, அதே வாடகைக்குத் தருகிறேன் என்றார் மேடம். அந்த அம்மாளால் முடிந்த உதவி அதுதான். துளசிமணி சாவியை வாங்கிக்கொண்டாள்.

தை முதல் நாள் இரண்டாம் மாடியில் பால் காய்ச்சினாள். அறைக்குக் கிழக்குப் பார்த்த வாசல். பால் நன்றாகவே பொங்கியது.

அதன் பிறகு ஒன்றும் பொங்கவில்லை. வீதிக்கு உயிர் கொடுக்க வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு டைல்ஸ் பதித்திருந்தார்கள். தெருமுனையில், மூலைக் கடையைத் தாண்டியதும் முழங்கால் உயரத்துக்கு இரும்புத் தூண்கள். பெட்டி ஆட்டோ அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்து மோட்டாரைத் தூக்கிவர யூனியன் சுமைக்காரர்கள் வேண்டும். லிப்டில் ஆட்கள் மட்டும்தான் ஏறலாம், சரக்கு கூடாது. படியேற்ற ஒரு கூலி, இறக்க ஒரு கூலி. மோட்டார் சுற்றுகிற கூலியை அது தின்றுவிடும். பெருமாட்டிப் பெரியவர் ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க அம்மிணி, மோட்டாரு இங்கயே கெடக்குது, நீங்களே எறங்கி வந்துருங்க" என்று குரல் கொடுத்தார். அவளும் இறங்கி வந்து நடைபாதையில் உட்கார்ந்து பிரித்தாள். புது டைல்ஸில் எண்ணெய்க் கறை படுகிறது என்று நகரசபை ஆள் வந்து எழுப்பிவிட்டான். மேலே காயவைத்தால் வார்னிஷ் நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து அறை டியூஷன் சென்டரில் புகார். சோனாகூடக் காலையில் தன் கடைவாசலில் மோட்டார்களை இறக்கிக்கொள்ளச் சொன்னாள். கேக் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடிக்கவும், அவளே வந்து கண்கலங்கி வேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்று. எல்லாரும் உதவி செய்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நகரசபையும் அவளைக் கைவிட்டுவிடவில்லை. மகளிர் தினத்தன்று சிறந்த பெண் தொழில்முனைவோர் என்று மேடையேற்றி, பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். அவள் கையில் செம்புக் கம்பிச் சுருளைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தெருமுனையில், இரும்புத் தூண்களுக்கு மேலே பலகை வைத்தார்கள். நமது நகரம், நமது வியாபாரிகள் என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. அதற்குள் கோடை வந்துவிட்டது. மோட்டார்கள் எரிந்தன. பெட்டி ஆட்டோக்கள் பலகைக்கு அடியில் நின்று பார்த்துவிட்டுப் பொள்ளாச்சிக்குத் திரும்பின. மேலே அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு ஆள் வராததால் திட்டுவதையும் விட்டிருந்தாள். நான் அவ்வப்போது மேலே போய் வாயைக் கிளறிப் பார்ப்பேன். "போங்ணா, உங்களுக்கு வேற வேலையில்ல" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் சாவிக்கொத்தோடு என் கடை முன்னால் வந்து நின்றாள். திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குப் பதறியது.

"அவசரப்படாத அம்மிணி. மார்கழி போகட்டும். தை பொறந்தா என்னமாச்சும் ஒரு வழி..."

"தொறக்கறதுக்குத்தானுங்ணா நாள் பாக்கோணும்" என்றாள். "மூடறதுக்கு எந்த நாளும் ஆகுமுங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கூடப் போயிருக்கலாம். போய் என்ன ஆகப்போகிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது காலையில் முதல் பஸ்ஸில் கோயமுத்தூருக்குப் போகிறாள். அதே கம்பெனி, அதே காயில் வேலை. பஸ் தெருமுனையைத் தாண்டும்போது பலகையில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள், உள்ளே ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போவாள். போன ஞாயிற்றுக்கிழமை குடை ஒன்று வாங்க வந்தாள். வேலை எப்படி இருக்கிறது, இப்போதும் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போக வேண்டுமா என்று விசாரித்தேன்.

"அதெல்லாம் இல்லீங்ணா, இப்ப ஆருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல" என்றாள். "கதவுல கார்டு தேச்சுட்டுப் போகோணும். வந்தும் தேய்க்கோணும். எத்தன நேரம் போனேன்னு அதுவே கணக்கு வெச்சுக்குதுங்க."

குடையை விரித்துப் பார்த்து, கம்பியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிவிட்டு, மடக்கி எடுத்துக்கொண்டு போனாள்.