பிந்தி அடித்த மணி

யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர்கள் செய்த கருவிகளை ஊர்ச்சனம் பார்க்க மண்டபத்தில் வைத்திருந்தோம். நானும் என் நண்பனும் செய்தது ஓர் எச்சரிக்கை மணி. குண்டு போடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் தூரத்தில் கேட்டதுமே அது அடிக்கும், சனம் பதுங்குகுழிக்கு ஓட நேரம் கிடைக்கும் என்று நம்பினோம்.

விமானச் சத்தத்தைக் கசெற்றில் பதிந்து வைத்திருந்தோம். நண்பன் சைக்கிளை மிதிக்க, டைனமோவில் றெக்கோடர் ஓடியது.

"இப்ப மணி அடிக்கும், பாருங்கோ" என்றேன் பெருமையாக.

பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. அத்தனை பேரும் தரையில் குப்புற விழுந்து கிடந்தார்கள். அதன் பிறகுதான் மணி அடித்தது.

"ஐயோ, இது வெறும் கசெற்!" என்று கத்தியபடி நிறுத்தினேன். சிலர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். கோப்பாயிலிருந்து வந்த ஒரு பெண்ணின் சின்ன மகள் மட்டும் எழும்பவில்லை. காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி, வீட்டில் சொல்லிக்கொடுத்த மாதிரியே கிடந்தாள். தாய் அவளை உலுப்பினாள்.

"எழும்பு பிள்ளை, இது சும்மா."

"குண்டு இன்னும் விழேல்லையே அம்மா."

தாய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். என்னிடம் கோபப்படவில்லை.

"உங்கடை மணி பிந்தியெல்லே அடிக்குது, தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

எங்களுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. மணியையும் பிறகு திருத்தினோம். ஆனால், வாசலைத் தாண்டும்போதும் அந்தப் பிள்ளை காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்கு எங்களிடம் ஒரு கருவியும் இருக்கவில்லை.