சாக்பீஸ் கோடு போட்ட ஆம்ப்ளிஃபயர்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் கிட்டார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை, சாயங்காலம் மெல்லிசைக் குழு. குழுவில் எல்லாருமே கம்பெனி ஆட்கள்தான். ஆர்மோனியம் வாசித்தவர் கட்டிங் மாஸ்டர். தபேலாக்காரர் அயர்ன் போடுகிறவர். சினிமாப் பாட்டில் கிட்டார் திடீரென்று கரகரத்து, இழுத்துக்கொண்டே போகுமே, அந்தச் சத்தத்தின் மேல் எனக்குப் பைத்தியம். ஃபஸ் பெடல் என்று ஒன்று இருக்கிறது, காலால் மிதித்தால் அந்தச் சத்தம் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

எங்கள் கம்பெனி ஷெட்டில் ஒரு பெண் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். எப்போது பார்த்தாலும் அவள் வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ மெல்லுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கரண்ட் போய் மெஷின்கள் எல்லாம் நின்றபோது, அவள் மட்டும் நிற்கவில்லை. அரை வரி பாட்டு ஷெட்டுக்குள் தனியாகக் கேட்டது. எல்லாரும் திரும்பியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். அந்த அரை வரி போதும். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் பக்கத்தில் நின்று கேட்டதில்லை.

அவளுடைய அப்பா அங்கேயே பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். கரண்ட் போன அன்றைக்கு அவர் லீவு. இரைச்சலுக்கு நடுவே ஒரு ஊசி முறிந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுகிற காது அவருடையது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எங்கள் கச்சேரி, உங்கள் பெண் பாட வேண்டும் என்று கேட்டோம்.

"ஒரே ஒரு பாட்டுங்க. ஊரு சிரிச்சுதுன்னா அதோட செரி. அப்பறம் பாட்டுங்கற பேச்சே எம்பட ஊட்டுல இருக்கக் கூடாது" என்றார்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். இந்த ஒரு பாட்டு கெட்டால் அவள் மறுபடியும் மெஷின் இரைச்சலுக்கடியில்தான் பாட வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பாட்டை நாங்களே கட்டினோம். முருகன் பாட்டு. நடுவில் கிட்டாருக்கு ஓர் இடம், அதில் ஃபஸ் வர வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கட்டிங் மாஸ்டர் வீட்டில் ஒத்திகை நடந்தது. அங்கே என்னிடம் வெறும் கிட்டார்தான், பெடலும் கிடையாது, ஆம்ப்ளிஃபயரும் கிடையாது.

பெடலும் ஆம்ப்ளிஃபயரும் வாங்க நானும் தபேலாக்காரரும் கோயமுத்தூரில் ஒரு ரேடியோ கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு பெடல்களை எடுத்து வைத்தார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, பளபளவென்று இருந்தது. இன்னொன்று அவரே தகரப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் வைத்துப் பற்ற வைத்தது. ஆம்ப்ளிஃபயரிலும் இரண்டு. சின்னது வால்வு போட்டது, பெரியது இரட்டை ஸ்பீக்கர் வைத்தது. வெளிநாட்டுப் பெடலைச் சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகி ஒரு கம்பியை இழுத்தேன். மூங்கிலுக்குள் புகுந்த கருவண்டு மாதிரி ஒரு ரீங்காரம், மெல்ல மெல்ல இனித்துக்கொண்டே தேய்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"முருகன் பாட்டுக்கு எதுக்குங்க இந்த வண்டுச் சத்தம்?" என்று கடைக்காரர் சிரித்தார்.

தபேலாக்காரர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கடைக்குள்ள எல்லாமே நல்லாத்தானுங்க கேக்கும். நாம வாசிக்கப் போறது ஷெட்டுல. அங்க வெச்சுப் பாத்தாத்தானுங்க நெசம் தெரியும்" என்றார். எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. கடைக்காரர் நல்ல மனுசர். எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரச் சொன்னார்.

மறுநாளே ஷெட்டில் வைத்தோம். மேடை போடப்போகிற அதே மூலை. நிட்டிங் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கடையில் என்னை அழவைத்த வெளிநாட்டுப் பெடலும் சின்னப் பெட்டியும் இருந்த இடமே தெரியவில்லை. தகரப் பெடலைப் பெரிய பெட்டியில் செருகி, வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் சத்தம் மெஷின்களைக் கிழித்துக்கொண்டு கடைசிச் சுவர் வரை போனது. அவளுடைய அப்பாவே தூரத்திலிருந்து, கேட்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார். தையல் சாக்பீஸால் அந்த இடத்தில் குமிழுக்கு நேராக ஒரு கோடு போட்டேன். உலகத்திலேயே இப்படிப் பரீட்சை பார்த்துப் பெட்டி வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று பூரித்துப்போனேன்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, சனங்கள் மேடை முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் மைக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியைத் தொடங்கினாள். ஆர்மோனியமும் தபேலாவும் பூப்போலக் கூடவே போயின. என் இடம் வந்தது. குமிழ் சாக்பீஸ் கோட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பெடலை மிதித்தேன்.

ஆயுத பூஜையன்று மெஷின் ஓடாது. திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

கூரைத் தகரம் அதிர்ந்தது. புறாக்கள் பறந்தன. முன்வரிசையில் ஒருவர் மடியிலிருந்த பொரி முழுவதும் தரையில் கொட்டியது. மைக் செட்காரர், தன் குழாய் ஸ்பீக்கர்தான் கிழிந்து போயிற்று என்று பதறி ஓடிவந்து மெயின் வயரையே பிடுங்கிவிட்டார். மைக் செத்தது, என் பெட்டியும் செத்தது. பின்னாலிருந்து யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். பாவி, ஒரு பெண்ணின் பாட்டையே கெடுத்துவிட்டேனே என்று பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. அன்று கரண்ட் போனபோது நாக்கைக் கடித்துக்கொண்ட அதே பெண், இப்போது கண்ணைக்கூடத் திறக்காமல் சரணத்தை எடுத்தாள். மைக் இல்லாமல் அந்தக் குரல் கடைசிச் சுவர் வரை போனது. வருஷக்கணக்காக மெஷின்களோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல் அது. அதற்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. சிரித்தவர்கள் வாய் மூடினார்கள். அவள் பல்லவிக்குத் திரும்பி முடித்தபோது ஷெட்டே அதிரக் கை தட்டினார்கள்.

அவளுடைய அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். நிட்டிங் ஊசி முறிவதைக் கேட்கிற அந்த மனிதர், மகளின் எதிரில் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, இத்தன நாளும் அங்க உக்காந்து இப்படித்தான் பாடிட்டு இருந்தியா?"

"ஆமாங்கப்பா. மெசினு ஓடிட்டு இருந்துச்சுங்கப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக் செட்காரரிடம் நடந்துபோய், "சாமி, அடுத்த பாட்டுக்காச்சும் வயரைப் புடுங்கீராதீங்க" என்றார்.