பச்சைத் தோல் கேப்டனும் சிரிக்காத ஊரும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நகைச்சுவை அறிவியல் நாவல் எழுதுகிறவன் பாடும் அதேதான். அறிவியல் பிடித்தவர் சிரிக்க மாட்டார், சிரிக்கப் பிடித்தவர் விண்கலம் என்றதுமே புத்தகத்தை மூடிவிடுவார். எழுத்தில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்கு இது புதிதா என்ன?

இருந்த வேலையை விட்டுவிட்டு, ஜவ்வாது மலையில் வேற்றுக்கிரகவாசிகள் இறங்குவதாக ஒரு நாவல் எழுதி முடித்தேன். பதிப்பாளர் போனில் சொன்னார்: “எனக்குச் சிரிப்பு வரல சார். உங்க ஊர்ல ஒரே ஒரு ஆள் சிரிக்கட்டும், அதை ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. அச்சுக்குக் கொடுத்துடறேன்.”

டீயில் ஓடும் விண்கலம்

முதல் பலி என் மனைவி. எனக்கு டீ இல்லாமல் கை ஓடாது. அதனால் என் விண்கலமும் டீயில்தான் ஓடும். எனக்கு மலைப்பாதை வளைவுகளில் குமட்டும். என் கேப்டனும் பால்வெளியைத் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி எடுப்பான். முழுதும் படித்தவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே, “எப்படி இருக்குது?” என்றேன்.

“தோலு மட்டும்தான் பச்சையா இருக்குது. மத்தபடி எல்லாம் நீங்கதாங்க.”

களத்தில் பூட்ஸ்

ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் கோவிந்தன் கிடைத்தார். புளி விற்க மலையிலிருந்து இறங்கி வந்தவர். மலைக்குப் போகும் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆகையால் அவரால் தப்பிக்க முடியாது. விண்கலம் நெல்லடிக்கும் களத்தில் என்று எழுதாமல், மலைக்குப் பொருத்தமாகச் சாமை குவித்த களத்தில் இறங்குவதாக எழுதியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. கேப்டன் பூட்ஸோடு களத்தில் குதிக்கிறான், ஊரே கைகட்டி நிற்கிறது. படித்துக் காட்டியதும் கோவிந்தன் முகம் கறுத்துவிட்டது.

“ஆகாசத்துலேர்ந்து வந்தான்றீங்க, சரி, வந்திருப்பான். களத்துல செருப்பக் கழட்டாம ஏறினவன எங்க ஊருல சும்மா வுட்டாங்கன்றீங்களே, அது எப்டி சார்?”

கேப்டனின் கொள்கை

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் கேப்டனுக்கும் கிடையாது. கடைசி அத்தியாயத்தில் அவன் சாமி, சகுனம், ஜாதகம் எல்லாவற்றையும் பிடிபிடியென்று பிடிக்கிறான். அதில் ஒரு நகைச்சுவைகூட வைக்கவில்லை. என் வாழ்நாள் கொள்கை அது, எழுதும்போது கண் கலங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஆரோக்கியம், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் மனம் புண்படுமோ என்று பயந்துகொண்டேதான் படித்துக் காட்டினேன்.

இரண்டாம் பக்கத்தில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார், மனம் மாறுகிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். நான்காம் பக்கத்தில் நாற்காலியை விட்டே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் கை மட்டும் தானாகப் போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தியது.

“இன்னா சார் இது, அத்தாந்தூரம் பறந்து வந்தவன் ஒரு வாய் தண்ணி குடிக்காம பிரசங்கம் பண்றான்! எங்க ஃபாதரே இவ்ளோ நேரம் பண்ண மாட்டாரு!”

அச்சுக்கு முன்

ரெக்கார்டைக் கேட்ட பதிப்பாளர் உடனே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு மரியாதையை நான் அதுவரை கேட்டதில்லை.

“அந்தப் பிரசங்கத்தை முதல் அத்தியாயமா வெச்சுடலாம் சார். அட்டையில ‘வயிறு வலிக்கச் சிரிக்கலாம்’னு போட்டுடறேன்.”

ஆக, நான் சிரிக்கச் சொன்னதை ஊர் நம்பிவிட்டது, நம்பச் சொன்னதற்குச் சிரித்துவிட்டது. புத்தகம் அச்சில் இருக்கிறது.