மேடைப் பாடகி லிசி போன் வாங்கப் போனது

திருச்சி மன்னார்புரத்தில் லிசிக்குக் காய்கறி விற்பது லேசான வேலை இல்லை. தக்காளியை முகர்ந்து பார்ப்பாள், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், எடை போட்டு முடித்த பிறகு பைக்குள் போனது தான் பொறுக்கியதுதானா என்று மறுபடியும் எடுத்துப் பார்ப்பாள். இதையெல்லாம் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டால் போச்சு. "எதுக்குச் சிரிக்கிறீங்க? அழுகினதை உள்ள தள்ளிட்டீங்களா?" என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவாள்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. பெண் பார்க்க வந்த ஸ்டீபன்ராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நிதானமான பேச்சு, ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். லிசி மட்டும், "இவ்வளவு நல்லவருக்கு இத்தனை நாளா ஏன் பொண்ணு கிடைக்கலை?" என்று அவர் காதுபடவே கேட்டாள். பதில் தெரியாமல் அவர் திருதிருவென்று விழித்தது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பதிலைத் தயாராக வைத்திருக்கிறவர்களைத்தான் நம்பக்கூடாது என்பது அவள் கட்சி.

பாலக்கரையில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவளை மேடைக்குக் கூட்டிவந்தவர் பீமராவ். கீபோர்டு வாசிப்பார், மெல்லிசைக் குழு ஒன்றும் நடத்துகிறார். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் கோயில் திருவிழா என்று லிசி முப்பது வருடம் பாடிவிட்டாள். மேடையில் யார் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டாள். குரலைக் கெடுக்க எதையாவது கலந்திருப்பார்கள் என்பாள். கலப்பதற்கு யாரும் இல்லாத ஊரிலும் அவள் தண்ணீர் பாட்டில் அவள் கையிலேயே இருக்கும்.

மேடைப் பாடகர்கள் எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்து பாடுகிறார்கள் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது நடக்கிற காரியமா? முன்பு தாளைப் பார்த்துப் பாடினார்கள், இப்போது போனைப் பார்த்துப் பாடுகிறார்கள். லிசியும் அப்படித்தான். போன வருடத்திலிருந்து போனில் இருக்கும் எழுத்து அவளுக்குக் கலங்க ஆரம்பித்தது. டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடியோடு மேடை ஏறினால் அடுத்த நிகழ்ச்சிக்கே பீமராவ் வேறு ஆளைப் பார்த்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். கைப்பையில் வைத்தால் எவளாவது திறந்து பார்ப்பாள் என்று கண்ணாடியை வீட்டுப் பீரோவிலேயே பூட்டி வைத்தாள். உறையூரில் ஒரு கல்யாணத்தில் இரண்டாவது சரணத்தை முதலில் பாடிவிட்டாள். கூட்டம் கவனிக்கவில்லை. பீமராவ் மட்டும் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மீதிப் பாட்டையெல்லாம் லிசி அவர் பக்கம் திரும்பாமலே பாடி முடித்தாள்.

மடக்கு போன் யோசனை அப்போதுதான் வந்தது. மூடினால் சாதாரண போன், விரித்தால் புத்தகம் மாதிரி அகலம். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம், கண் தெரியவில்லை என்று ஒருத்தருக்கும் தெரியாது. வசதியான போன் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவள் இனிமேல் மேடையில் நிற்பதும் வீட்டில் உட்காருவதும் இந்த ஒரு போனில்தான் இருக்கிறது என்று லிசி முடிவு செய்துவிட்டாள்.

தில்லைநகரில் ஒரு கடைக்கு ஸ்டீபன்ராஜை இழுத்துக்கொண்டு போனாள். கடையில் சரத்குமார் என்கிற விற்பனையாளர் இரண்டு போன்களை எடுத்து வைத்தார்.

"இது புது மாடல் மேடம். ரொம்ப மெல்லிசு, வெயிட்டே தெரியாது. விரிச்சா நடுவுல கோடு கண்ணுக்கே படாது."

"மடிக்கிற பொருள்ல கோடு விழாம இருக்குமா? எங்க போச்சு அந்தக் கோடு?"

"டெக்னாலஜி மேடம்."

விளக்கம் சொல்ல முடியாதவர்கள் சொல்லும் சொல் அது என்பது லிசியின் எண்ணம். அதைக் கீழே வைத்துவிட்டுப் பழைய மாடலை எடுத்தாள். கொஞ்சம் கனம். நடுவில் கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. குறையை மறைக்காமல் வெளியே காட்டுகிறதே என்று அதன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. விலையைக் கேட்டாள். ஏகத்துக்குக் குறைத்திருந்தார்கள். வந்த மரியாதை போய்விட்டது.

"எதுக்கு இவ்வளவு குறைச்சிருக்கீங்க?"

"புதுசு வந்துடுச்சுல்ல மேடம்."

"அப்ப போன மாசம் முழு விலைக்கு வாங்கினவங்க எல்லாம் ஏமாளியா?"

சரத்குமார் ஸ்டீபன்ராஜைப் பார்த்தார். அவரோ தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எப்போது மேலே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இப்படியே நடையாக நடந்தாள். புதியதை வாங்கலாம் என்றால் அதில் என்ன ஒளிந்திருக்கிறதோ என்று பயம். பழையதை வாங்கலாம் என்றால் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ என்று பயம். கடையில் இருந்தவர்கள் அவள் படியேறும்போதே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் அவள் குடிக்கவில்லை.

விஷயம் குழுவில் பரவிவிட்டது. குழுவின் இன்னொரு பாடகி அனிஷா. வையம்பட்டிப் பெண், சின்ன வயது, வெண்கலக் குரல். ஒத்திகை முடிந்ததும் லிசியிடம் வந்தாள்.

"அக்கா, மடக்கு போன் பாக்குறீங்களாமே. என்கிட்ட இருக்கறது அந்தப் பழைய மாடல்தான். நான் புதுசு வாங்கிட்டேன். இதை நீங்க எடுத்துக்கங்களேன்."

"நல்லா இருக்கற போனை எதுக்கு மாத்தினே?"

"சும்மா ஒரு ஆசைக்கா."

"இதுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சா காசு கொடுங்க. பாட்டெல்லாம் உள்ளயே இருக்கு, எதையும் நான் அழிக்கலை." சொல்லிவிட்டு அனிஷா ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லிசி திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள். வந்ததும் பீரோவைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை இண்டு இடுக்கு விடாமல் துருவினாள். கீறல் இல்லை. கோணல் இல்லை. பாட்டு வைத்திருந்த பகுதியைத் திறந்தாள். அனிஷா மேடையில் பாடும் பாட்டெல்லாம் வரிசையாக இருந்தன. விரலால் தள்ளிக்கொண்டே போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குக் கீழே இருந்தவை லிசியின் பாட்டுகள். ஒன்று விடாமல் அத்தனையும். எப்போதோ பாடி அவளே மறந்துபோன பாட்டுகூட இருந்தது.

ஒரு பாட்டைத் தொட்டாள். கொட்டை கொட்டையாகத் தமிழ் எழுத்து. வரிகளுக்கு நடுவே சிவப்பில் சின்னச் சின்னக் கோடு. அது என்ன என்று பார்த்தவள், வாய்க்குள் பாடிப் பார்த்ததும் உறைந்துபோனாள். ஒவ்வொரு கோடும் அவள் மூச்சு வாங்கும் இடம்.

"ஏங்க, இங்க வாங்க! என் மூச்சைக்கூட விடலைங்க அவ. அப்படியே காப்பி அடிச்சு வச்சிருக்கா. நாளைக்கு என் பாட்டு எல்லாத்தையும் அவ பாடுவா, பீமராவ் மாஸ்டர் எனக்குச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"அவகிட்டயே கேட்டுடேன் லிசி," என்றார் ஸ்டீபன்ராஜ்.

"கேட்டா ஒத்துக்குவாளா?"

ஸ்டீபன்ராஜ் மேலே பார்த்தார். லிசி அந்தப் பகுதியில் இருந்த எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தாள். அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும், வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தாள். அதையும் தேடிக் கண்டுபிடித்துக் காலி செய்தாள். பிறகு தில்லைநகர் கடைக்குப் போன் போட்டு, புது மாடலையே எடுத்து வைக்கச் சொன்னாள். துரோகம் செய்த போனைத் தொடுவதைவிடத் தெரியாத போனைத் தொடுவது மேல் என்று தோன்றியது.

அடுத்த நிகழ்ச்சி ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு கல்யாண வரவேற்பு. வேன் காவிரிப் பாலத்தைத் தாண்டும் வரை லிசி அனிஷாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அனிஷா கொடுத்த பழைய போன் லிசியின் மடியில் பெட்டியோடு இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் முகத்துக்கு நேராக நீட்டிவிட வேண்டும் என்று வைத்திருந்தாள். அன்றைக்குப் பாட வேண்டியவை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, போனே தேவையில்லை.

முதல் பாட்டு அனிஷாவுக்கு. பீமராவ் முன்னிசையை ஆரம்பித்தார். அனிஷா தன் புதுப் போனை விரித்தாள். விரலால் தள்ளினாள், மூடினாள், மறுபடி விரித்தாள். முகம் வெளிறிவிட்டது. பீமராவ் முன்னிசையை இரண்டாம் தடவை சுற்றிவிட்டார், அப்புறம் மூன்றாம் தடவையும். கூட்டத்தில் ஒருவர், "என்ன, ஆரம்பிக்கலையா?" என்றார். எப்படியோ இணையத்தில் தேடிப் பிடித்து, தட்டுத் தடுமாறி அனிஷா பாடி முடித்தாள். வந்து லிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் போயிடுச்சுக்கா. உங்ககிட்ட கொடுத்த போனும் இதுவும் ஒரே கணக்குல இருந்துச்சு, ஒண்ணுல அழிஞ்சா ரெண்டுலயும் போயிடும், எப்படியோ மொத்தமா போயிடுச்சு. என் பாட்டு போனாக்கூடப் பரவாயில்ல. உங்களுக்காக டைப் பண்ணி வச்சதும் போச்சு."

"எனக்காகவா?"

"உறையூர்ல நீங்க கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பாடினீங்கல்ல. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கலை. பீமராவ் மாஸ்டர்கிட்டயும் சொல்லலை. உங்க பழைய வீடியோவெல்லாம் போட்டுக் கேட்டு, மூச்சு விடற இடம்கூடக் குறிச்சு வச்சேன். போனை விரிச்சதும் பாத்து ஆச்சரியப்படுவீங்கன்னு நெனச்சேன்."

லிசிக்கு வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. "நான்தான் அழிச்சேன்," என்றாள். "என் பாட்டை நீ திருடறேன்னு நெனச்சு நானேதான் அழிச்சேன்."

அனிஷா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச நேரமும் இல்லை. கல்யாணப் பெண்ணின் அப்பாவே மேடைக்கு ஏறி வந்துவிட்டார். பட்டு வேட்டி, நெற்றியில் திருமண், கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. "பல வருஷம் முன்னாடி எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல நீங்க ஒரு பாட்டுப் பாடினேள். பொண்ணை அனுப்பி வைக்கிற அப்பா பாடற பாட்டு. என் பொண்ணுக்கும் அதை நீங்கதான் பாடணும்னு அப்பவே நெனச்சுண்டேன். தயவு பண்ணிப் பாடுங்கோ."

லிசிக்குப் பல்லவி மட்டும்தான் நினைவிருந்தது. சரணம் மூன்றும் அவள் அழித்ததில் இருந்தன. தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் சொன்னால் பீமராவ் அனிஷாவைப் பாடச் சொல்வார், அவளும் பாடிவிடுவாள். முப்பது வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்த இடம் ஒரு பாட்டில் போய்விடும்.

மடியில் இருந்த பெட்டியை அனிஷாவிடம் நீட்டினாள். "இதைத் திறந்து அந்தப் பாட்டைத் தேடும்மா."

அனிஷா அவளைப் பார்க்காமலே பழைய போனை விரித்துத் தேடினாள். கிடைத்த பக்கத்தில் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில், பொடிப்பொடியாகப் போட்டிருந்தார்கள். நடுநடுவே விளம்பரம் வேறு. லிசிக்கு அது வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

"மாஸ்டர்," என்றாள் லிசி. மைக்கை மூடவில்லை. முன்வரிசைக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். "எனக்கு எழுத்து தெரியலை. ஒரு வருஷமாவே தெரியலை. அனிஷா பக்கத்துல நின்னு காதுல வரி சொல்லட்டும், நான் பாடறேன்."

பீமராவ் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எந்த சுருதிம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த நிகழ்ச்சிக்குத் தன்னைக் கூப்பிடுவாரா மாட்டாரா என்று அதிலிருந்து லிசிக்குப் புரியவில்லை.

பல்லவியை லிசி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கீழே பெண்ணின் அப்பா மகள் கையைப் பிடித்துக்கொண்டார். இடையிசை தொடங்கியது. அனிஷா போனை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. வேண்டுமென்றே ஒரு வரியை மாற்றிச் சொன்னாலும் போதும். இத்தனை பேர் முன்னால் லிசி அதைத்தான் பாடுவாள், சரியா தப்பா என்று பார்க்க அவளிடம் கண் இல்லை.

இடையிசை முடியப்போகிறது. அனிஷா குனிந்து அவள் காதருகே வந்தாள். லிசி எந்தக் கேள்வியும் கேட்காமல் காதைக் கொடுத்தாள்.