கோங்கு பூத்த பாறை

பங்குனி வெயிலில் எங்கள் ஊர்க் கோட்டை மலையான கிருஷ்ணகிரியில் ஏறினேன். இலையே இல்லாமல் மஞ்சளாகப் பூத்திருந்த கோங்கு மரத்தைக் கேமராவில் பார்த்ததும் அம்மா நினைவுக்கு வந்தாள்.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். நைனாவோடு சண்டை போட்டுவிட்டு, அம்மா என்னை இழுத்துக்கொண்டு இந்த மரத்தடிக்கு வந்தாள். நான் பூப் பொறுக்கித் தலையில் செருகிக்கொண்டேன். அவள் கீழே எங்கள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாக்குறம்மா?"

"உங்க நைனா தேடிக்கினு வராரான்னு பாக்குறேன்."

எதிர்மலையான ராஜகிரிக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை யாரும் வரவில்லை. "வா, உனக்குப் பசிக்கும்" என்று எழுந்தாள்.

வீட்டில் நைனா பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "இன்னா, சோறு ஆச்சா?" என்றார். நாங்கள் போனதே அவருக்குத் தெரியவில்லை.

இன்று காலை நானும் வீட்டில் சொல்லாமல்தான் கிளம்பி வந்தேன். மதியம் தாண்டிவிட்டது. போன் இன்னும் அடிக்கவில்லை.