சம்பந்தி வூட்டுக்குப் போன பொட்டி

"சைஸ் மாத்தறதுக்கு தாம்மா போறேன். வேற ஒண்ணும் இல்ல."

எதிர் சீட்டுல உக்காந்திருந்த பொண்ணு எதுவுமே கேக்கல. அவ பாட்டுக்கு சன்னல்ல தலைய சாச்சிக்கினு இருந்தா. லியாகத் அலி தான் தானா வாய தொறந்தாரு. மடியில ஒரு ஷூ பொட்டி. யாரோ புடுங்கிக்கினு ஓடப்போறா மாதிரி அத ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சிக்கினு இருந்தாரு.

"நான் ஒண்ணும் கேக்கலியேண்ணா," ன்னா அவ. பேரு எழிலரசி. ஆம்பூர்ல இருந்து தெனமும் இந்த ரயில்ல ஏறி வாணியம்பாடில ஒரு ஷூ கம்பெனி தையல் செக்சனுக்கு போறவ.

"இல்ல, பேத்தி பொறந்த விசேசத்துக்கு சம்பந்திக்கு ஷூ குடுத்தோம். சைஸ் தப்பா போய்டுச்சி. அதான் மாத்தி குடுக்க ஜோலார்பேட்டைக்கு போறேன்."

எழிலரசி பொட்டி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர பாத்தா. "இது நாப்பத்திரெண்டு. அங்க குடுத்தது எத்தினி?"

லியாகத் அலி பொட்டிய திருப்பி பாத்தாரு. அங்க போன பொட்டி மேலயும் அதே ஸ்டிக்கர் தான். "அதுவும்... நாப்பத்திரெண்டு தான்."

"அப்பறம் இன்னாத்தண்ணா மாத்துவ?" அவளுக்கு சிரிப்பு தாங்கல. "சம்பந்தி கிட்ட போயி இதயே சொல்லிக்கினு நிக்காத. வேற ஏதாச்சும் ரெடி பண்ணிக்கோ."

வாணியம்பாடி வந்துது, அவ எறங்கி போய்ட்டா. லியாகத் அலிக்கு வேர்த்துப்போச்சி. ஷூவ பத்தி நல்லா தெரிஞ்ச ஊர்ல ஷூவ வெச்சி பொய் சொல்றது எவ்ளோ பேஜாருன்னு அப்ப தான் தெரிஞ்சிது.

லியாகத் அலி ஆம்பூர்ல ஒரு ஷூ ஃபேக்டரில கட்டிங் செக்சன். தோல விரிச்சி போட்டு, எங்க மாட்டுக்கு காயம் பட்டிருக்கு, எங்க சுருக்கம் வுழுந்திருக்குன்னு தடவி பாத்து வெட்டற வேல. அந்த கண்ணு அவருக்கு பொறந்ததுல இருந்தே இருந்துதோ இன்னாவோ. சின்ன வயசுல ஊரு தியேட்டருக்கு தமிழ் பேசற இங்கிலீஸ் படம் ஒண்ணு வந்துது. பறக்கற ஆளு படம். மூஞ்சில முகமூடி, ஒடம்போட ஒட்டுன நீலத்துணி, கால்ல மஞ்ச பூட்சு. கொட்டாயே அவன் பறக்கறத பாத்து விசில் அடிச்சிது. லியாகத் அலி மட்டும் பூட்ச பாத்தாரு. லேஸ் இல்ல, ஜிப் இல்ல, சைடுல ஒரு தையல் கூட காணோம். அப்பறம் எப்பிடி கால உள்ள வுட்டான்? வூட்டுக்கு வந்து அப்பா கிட்ட கேட்டாரு. அவரும் தோல் வேலக்காரரு தான், அவராலயும் சொல்ல முடியல.

அன்னிக்கி புடிச்ச கிறுக்கு. அந்த படம் ஆறு பார்ட் வந்துது. கேசட் காலத்துல கேசட் பொட்டி, அப்பறம் டிவிடி பொட்டி, அதுக்கும் அப்பறம் பளபளன்னு தகர டப்பால வந்துது. எது வந்தாலும் வாங்குவாரு. மெட்ராசு பர்மா பஜார்ல கெடச்சது சிலது, ரியாத்ல இருக்கற மச்சான் கொண்டாந்தது சிலது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருந்துது. ஃபேக்டரில மிசின் மாட்ட வந்த இத்தாலிக்காரன் ஒருத்தன், இவரு கிறுக்க தெரிஞ்சிக்கினு, அடுத்த வாட்டி வரும்போது அவங்க ஊரு டிவிடி செட்ட கொண்டாந்து குடுத்தான். கறுப்பு அட்டைல தங்க கலர் எழுத்து. மொத மூணு பார்ட்டு ஒரு பொட்டி, கடைசி மூணு பார்ட்டு இன்னொரு பொட்டி.

"எல்லாம் அதே படம் தானேங்க? இப்ப ஃபோன்லயே வருதே," ன்னு அவரு சம்சாரம் சைரா கேப்பாங்க.

"இதுல ஒரு டிஸ்க் ஜாஸ்தி சைரா. படம் எப்பிடி எடுத்தாங்கன்னு காட்றான். இதுலயாச்சும் பூட்ச காட்டுவான்."

எந்த டிஸ்க்லயும் காட்டல. அதனால தான் அடுத்த பொட்டி, அதுக்கடுத்த பொட்டின்னு வாங்கிக்கினே இருந்தாரு.

பொண்ணு இரமுக்கு ஜோலார்பேட்டைல இருந்து சம்பந்தம் வந்துது. மாப்பிள்ளை நவீத் தங்கமான பையன். அப்பா சர்தார் பாஷா, கூட்ஸ் வண்டில கார்டா இருந்து ரிடையர் ஆனவரு. பேச்சு கம்மி, சிரிப்பு அத விட கம்மி. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி அவரு மொதல்ல கேட்டதே, "வூட்ல இந்த சினிமா பழக்கம் எல்லாம் உண்டா?"

லியாகத் அலி பதில் சொல்றதுக்குள்ள சைரா கதவுக்கு பின்னால இருந்து சொல்ட்டாங்க: "அய்யோ, அவருக்கா? ஃபேக்டரி வுட்டா மசூதி, மசூதி வுட்டா ஃபேக்டரி."

இவரு பின்னால இருந்த பீரோல தான் எல்லாம் அடுக்கியிருந்துது. மேல ஒரு பூப்போட்ட பெட்சீட்டு தொங்கிச்சி. அன்னிக்கில இருந்து சம்பந்தி வூட்ல யாரு வந்தாலும் பெட்சீட்டு ஏறிக்கும்.

இரம் பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்தா. ரூமு வேணும், பீரோவ காலி பண்ணி நவுத்தி தொட்டிலுக்கு எடம் பண்ணணும். லியாகத் அலி மொகம் சுளிக்காம எல்லாத்தையும் எறக்கி, ஃபேக்டரில மீந்த ஷூ பொட்டிங்கள கொண்டாந்து அதுல போட்டாரு. நல்ல கெட்டி அட்ட. ஒவ்வொண்ணுலயும் ஷூவுக்கு போடற ஈரம் உறிஞ்சற பொட்டலம் ஒண்ணு. அப்ப தான் டிஸ்க்ல பூஞ்ச புடிக்காது. பரண் மேல வரிசையா அடுக்கிட்டாரு. பேத்தி பொறந்தா. அஃப்ஷான்னு பேரு. அவள கைல வாங்குன அன்னிக்கி ஒரு நிமிசம் அவருக்கு பறக்கற ஆளாவது, பூட்சாவது, எல்லாம் மறந்துபோச்சி. அவ்ளோ சின்ன குதிகாலு. அதுக்கு எந்த ஃபேக்டரிலயும் அச்சு கெடையாது.

ஏழாம் நாள் அகீகா. ஆடு அறுத்து, கொழந்தைக்கு முடி எறக்கி, பிரியாணி போட்டு, எல்லாம் நல்லா நடந்துது. சம்பந்திக்கு குடுக்க லியாகத் அலி ஃபேக்டரில இருந்து நல்ல லோஃபர் ஒண்ணு வாங்கியாந்து பரண் மேலயே வெச்சிருந்தாரு. தப்பு அங்க தான். கெளம்பற நேரத்துல சைரா அவசரமா ஸ்டூல் மேல ஏறி, மேல இருந்த பொட்டிய எடுத்து, பேரீச்சம்பழம், மிட்டாய் கூட பையில போட்டு சர்தார் பாஷா கைல குடுத்துட்டாங்க. நவீதோட அம்மா மட்டும் கொழந்தை கூட இருக்கேன்னு ஆம்பூர்லயே தங்கிட்டாங்க.

சாயங்காலம் லியாகத் அலி பரண் மேல பாத்தாரு. பொட்டிய தொறந்தா லோஃபர் பல்ல இளிக்குது. இத்தாலிக்காரன் குடுத்த மொத பொட்டிய காணோம்.

சமையல்கட்டுல குசுகுசுன்னு பஞ்சாயத்து. பக்கத்து ரூம்ல நவீதோட அம்மா.

"சினிமா பாக்காத வூடுன்னு சொல்லி பொண்ண குடுத்துட்டு, சினிமாவயே சீரா அனுப்பிட்டியே!"

"மெதுவா பேசுங்க! ஷூ பொட்டில படத்த வெச்சது நானா, நீங்களா?"

"ஃபோன் பண்ணி தொறக்காதீங்கன்னு சொல்லவா?"

"சொன்னா மொதல்ல அத தான் தொறப்பாரு."

அது சரி தான். லியாகத் அலிக்கு பொட்டி போனது ஒரு பக்கம். அத விட, நாப்பது நாள் கழிச்சி இரம் கொழந்தைய தூக்கிக்கினு அந்த வூட்டுக்கு தான் போவணும். 'உங்கப்பன் பொய் சொன்னவன்'னு ஒரு வார்த்த அவ காதுல வுழுந்துட்டா? பொண்ண பெத்தவனுக்கு அத விட இன்னா கேவலம் வேணும்? அந்த பயத்துல தான் விடிஞ்சதும் லோஃபர தூக்கிக்கினு ரயில் ஏறுனாரு.

ஜோலார்பேட்டைல ரயில்வே லைன் ஓரமா தான் சர்தார் பாஷா வூடு. தெருவுல திரும்பும்போதே லியாகத் அலிக்கு காலு நின்னுபோச்சி. வூட்டுக்குள்ள இருந்து ஒரு மியூசிக். டொம் டொம் டொம்னு ஆரம்பிச்சி மேல ஏறும். தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வாரு, அவன் மாடில இருந்து குதிக்கறதுக்கு முன்னாடி வர்ற மியூசிக் அது.

எல்லாம் முடிஞ்சிது.

திரும்பி போய்டலாமான்னு பாத்தாரு. அதுக்குள்ள உள்ள இருந்து கொரலு: "யாரு? சம்பந்தியா? வாங்க உள்ள."

சலாம் சொல்ட்டு உள்ள போனாரு. சர்தார் பாஷா லுங்கியோட கட்டில்ல, மூக்கு நுனில கண்ணாடி, கைல ரிமோட்டு. பக்கத்துல நியூஸ்பேப்பர் விரிச்சி அதுமேல டிஸ்க்க எல்லாம் ஒழுங்கா வெச்சிருந்தாரு. நவீத் கல்யாண டிவிடி பாக்க வாங்குன பிளேயரு டிவிக்கு கீழ.

"ஒக்காருங்க."

லியாகத் அலி ஒக்காரல. "சம்பந்தி, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"நீங்க அப்பறம் சொல்லுங்க. நான் கேக்கறேன். ரயில்வேல இருந்தே முடி நரைச்சவன் நான். எனக்கு போயி இத குடுத்தா இன்னா அர்த்தம்?"

"தப்பு தான் சம்பந்தி. சைரா மேல எதுவும் இல்ல. இரமுக்கு ஒண்ணுமே தெரியாது..."

"இரமுக்கு எதுக்கு தெரியணும்? இங்க பாருங்க." ரிமோட்ட அமுக்கி பின்னால ஓட்டுனாரு. டிவில பறக்கற ஆளு தண்டவாளத்துல நின்னு, வர்ற ரயில கையால புடிச்சி நிறுத்தறான். "இது இன்னா கூத்து? பின்னால பிரேக் வேன் இருக்குதில்ல? அதுல கார்டுன்னு ஒருத்தன் இருக்கான் இல்ல? அவன் இன்னா தூங்கறானா? ஹேண்டில இழுத்தா வண்டி தானா நின்னுட்டு போவுது! கார்ட ஒரு தபா கூட காட்டலியே இந்த பசங்க!"

லியாகத் அலி டிவிய பாத்தாரு, சம்பந்திய பாத்தாரு. "நீங்க... படத்த பாத்தீங்களா?"

"பாக்காம? ஷூன்னு நெனச்சி தொறந்தேன், படம். கூட ஒரு சின்ன பொட்டலம். சக்கரைன்னு வாயில போட பாத்தேன்."

"அய்யோ, அத துன்னக்கூடாது!"

"அதான் அதுமேலயே மண்ட ஓடு போட்டிருக்கானே. ஒரு விசயம் சொல்றேன் சம்பந்தி. ரிடையர் ஆனதுல இருந்து யாரு வந்தாலும் தொப்பி, அத்தர், தஸ்பீ மாலைன்னு தான் குடுக்கறாங்க. கெழவன்னு முடிவு பண்ணிட்டாங்க. பேத்தி பொறந்த சந்தோசத்துக்கு படம் குடுத்தவரு நீங்க ஒருத்தரு தான்."

"இல்ல... அன்னிக்கி பொண்ணு பாக்க வந்தப்போ நீங்க சினிமா பழக்கம்..."

"அதுவா? வூட்டம்மா கேக்க சொன்னா, கேட்டேன். நீங்க பாப்பேன்னு சொல்லியிருந்தா எனக்கும் ஒரு தோஸ்த் கெடச்சிருப்பான். உங்க வூட்டம்மா குறுக்க பூந்துட்டாங்க."

லியாகத் அலிக்கு அப்ப தான் காலு தரையில பட்டுது. தொப்புன்னு கட்டில்ல ஒக்காந்தாரு. சிரிப்பு ஒரு பக்கம், கண்ணுல தண்ணி ஒரு பக்கம். சர்தார் பாஷா ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. முழுசா குடிச்சாரு.

"அது இன்னா கைல?"

"இதுவா? இதான் ஷூ. அது கூட சேந்து வரவேண்டியது, வுட்டுப்போச்சி."

முழு பொய்யும் இல்ல அது. சர்தார் பாஷா லோஃபர போட்டு ரெண்டு நட நடந்து பாத்துட்டு, அத கழட்டாமயே கட்டில் மேல சப்பணம் போட்டாரு.

"படத்துல ஒரு வார்த்த கூட புரியல சம்பந்தி. எந்த ஊரு பாஷை இது?"

"இத்தாலி. எனக்கும் தெரியாது. ஆனா தமிழ்ல இன்னா பேசுவாங்கன்னு மனப்பாடமா தெரியும்."

"அப்ப பேசுங்க."

லியாகத் அலி தொண்டைய கனைச்சிக்கினாரு. டிவில வில்லன் வாய தொறந்தா இவரு வில்லன். போலீசு வந்தா போலீசு. ஈரோயினி அழுதா கொரல சின்னது பண்ணி அழுதாரு. "இந்த ஊரு எனக்கு சொந்தம்டா!"ன்னு அவரு கத்துன கத்துல பக்கத்து வூட்டு ஆளு வந்து எட்டி பாத்துட்டு, இன்னாவோ குடும்ப தகராறுன்னு நெனச்சி போய்ட்டாரு. மத்தியானத்துக்குள்ள ஒரு பார்ட்டு முடிஞ்சிது. சாப்ட்டுட்டு ரெண்டாவது. நடுவுல, அந்த பூட்சுக்கு எங்க தையல்னு ரெண்டு பேரும் டிவி கிட்ட மூக்க வெச்சி தேடுனாங்க. உள்பக்கமா இருக்கும்ன்றது சர்தார் பாஷா கட்சி. உள்பக்கம் இருந்தா கணுக்கால்ல கடிக்கும், பறக்கறவன் நொண்டி தான் எறங்குவான்றது லியாகத் அலி கட்சி.

சாயந்தரம் கெளம்பும்போது பொட்டிய கேக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல. வெறும் கையோட ரயில் ஏறுனாரு. ரொம்ப நாளைக்கு அப்பறம் ரயில்ல நல்லா தூங்கி, ஆம்பூர் தாண்டி மேல்பட்டில எறங்கி, பஸ்சு புடிச்சி திரும்பி வந்தாரு.

அதுக்கப்பறம் ஒரு வாரம் ஓடிப்போச்சி. இன்னிக்கி காலைல, இரம் கொழந்தைக்கு எண்ணெ தேச்சி மடியில போட்டுக்கினு இருந்தா. நவீதோட அம்மா கொல்லப்பக்கம் போன நேரம் பாத்து, சைரா லியாகத் அலி காதுகிட்ட வந்து கேட்டாங்க: "அந்த இத்தாலி பொட்டிய எப்பங்க திருப்பி எடுத்தாறப்போறீங்க? ஒண்ணு அங்க, ஒண்ணு இங்கன்னா உங்களுக்கு தூக்கம் வராதே."

லியாகத் அலி பேத்தி உள்ளங்கால்ல ஒரு வெரல வெச்சிக்கினு, கொஞ்சம் கூட கவலப்படாம சொன்னாரு:

"அங்கயே இருக்கட்டும் சைரா. நாலாவது பார்ட்டு எப்ப வரும்னு சம்பந்தி தெனமும் ஃபோன் பண்றாரு. அந்த வூட்ல நம்ம இரம யாராச்சும் ஒரு வார்த்த சொல்லட்டும், ரெண்டாவது பொட்டிய அனுப்பவே மாட்டேன்."